மூன்று பஞ்சாங்கமும் ஒரு நாய்க்குட்டியும்

1

நாய் வளர்க்க ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், அவர்கள் தரும் தகர வில்லையை நாயின் கழுத்தில் கட்ட வேண்டும் என்று நம் ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். ஊரில் நாய்க்கு யார் சொந்தக்காரர்? தெருவில் பிறக்கும், தெருவில் கிடக்கும், எச்சில் இலை விழுகிற வாசலைத் தன் வீடென்று நினைத்துக்கொள்ளும். அதற்கு வயதென்ன, நிறமென்ன என்று எந்த மனிதரும் மேசை போட்டு உட்கார்ந்து கேட்டதில்லை. இந்தப் பினாங்கில் கேட்கிறார்கள். வில்லை இல்லாத நாயைத் தெருவில் கண்டால் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். போன நாய் திரும்புவதில்லை.

நான் கப்பலேறி இங்கே வந்து இந்த மாசியோடு பதினேழு வருஷம். துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு எடை பார்க்கும் வேலை. ஜெலுத்தோங்கில் வாடகைக்கு ஒரு வீடு. ஊருக்கு எழுதும் கடிதங்களில் ஈசன் கிருபையால் ஒரு குறையும் இல்லை என்று முடிப்பது என் வழக்கம். குறை இருக்கிறது. ஒரு சாண் உயரமுள்ள நாய்க்குட்டியை இரண்டு தெரு தாண்டி வீட்டுக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டை எழுதினால் அது என்ன குறை என்று உங்களுக்கே விளங்கும்.

2

என் மூத்த மகன் ஈப்போவில் ரயில்வேயில் இருக்கிறான். மாதம் ஒரு கடிதம் தவறாமல் வரும், இங்கிலீஷில். தமிழில் எழுத அவனுக்குக் கை வராது. நான் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் சரி. பெற்ற தகப்பன் மகனுடைய கடிதத்தைக் கையில் வாங்கி, பன்னிரண்டு வயது மகளிடம் நீட்டி, அண்ணன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவள் பெயர் செல்லம்மாள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே அவளைச் 'செல்லி' என்று சுருக்கிவிட்டார்கள். கடிதத்தைப் படித்துவிட்டுப் பாதி தமிழும் பாதி மலாயுமாகச் சொல்லுவாள். சொல்லும்போதே அவள் கண் வாசலில் இருக்கும்.

இவளும் இப்படியே கையைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம் ஒரு நாள் எனக்கு முற்றிவிட்டது. சாமி விளக்கின் முன் அவளை உட்காரவைத்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தினமும் விளக்கு வைத்தபின் என்னோடு உட்கார்ந்து தமிழ் படிக்க வேண்டும், முடித்தால் அவள் கேட்டதை வாங்கித் தருவேன் என்று சொன்னேன். அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்றாள். காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் பாயில் படுத்தபடியே எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசியில் நான் பத்திரிகையைக் கொடுத்தால் நிற்காமல் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் பட்டுப் பாவாடை கேட்பாள் என்று நினைத்திருந்தேன். நாய்க்குட்டி கேட்டாள். அதுவும் எந்த நாய்க்குட்டி என்று முடிவு செய்து வைத்திருந்தாள். அவளுடைய பள்ளித் தோழியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இங்கேயே பல தலைமுறையாக இருந்துவிட்ட சீனக் குடும்பம். வீட்டில் பேசுவது மலாய். அந்தத் தோழியின் தாயாரை எல்லோரும் நியோன்யா என்பார்கள். அவர்கள் வீட்டில் சீனத்துப் பீக்கிங் ஜாதி நாய் நான்கு குட்டி போட்டிருந்தது. நெற்றியில் வெள்ளை விழுந்த குட்டிதான் வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் நாய் வாசற்படி ஏறினாலே தண்ணீர் விட்டுக் கழுவி, சாணம் தெளித்து, அப்புறம்தான் அடுப்பு மூட்டுவார்கள். அப்படி வளர்ந்தவன் நான். ஆனால் விளக்கின் முன் சொன்ன சொல். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தச் சாஸ்திரத்திலும் வழி இல்லை.

என் மனைவி விசாலாட்சியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"வீட்டுக்குள்ள சாமி இருக்கு. நாய் உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடறேன். யாரு வேணும்னு அப்பாவும் மகளும் பேசி முடிவு பண்ணிக்குங்க" என்றாள்.

கடைசியில் பின்கட்டு என்று முடிவாயிற்று. சமையலறைக்கு வெளியே பாத்திரம் கழுவும் சிமெண்டுத் தரை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு அடி வைக்கக் கூடாது. கிட்டங்கியில் உடைத்துப் போட்டிருந்த தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளே இருந்த ஈயத் தகட்டை உரித்தெடுத்து, ஆணிகளை மடக்கி, படுக்கப் பெட்டி செய்தேன். செல்லம்மாள் தன் பழைய பாவாடையைக் கிழித்து அதற்கு மெத்தை தைத்தாள். விசாலாட்சி ஒரு தகரத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஏன் வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துவிடுவாள்.

மூவருமாகப் போய்க் குட்டியைப் பார்த்தோம். முகம் தட்டை, கண் இரண்டும் வெளியே விழுவதுபோல, கால் இருப்பதே தெரியாத உயரம். "மூஞ்சியை யாரு மிதிச்சா?" என்று விசாலாட்சி என் காதில் கேட்டாள். நியோன்யா நல்ல மனுஷி. வெயில் படாமல் பார்க்க வேண்டும், தினமும் கண்ணைத் துடைக்க வேண்டும், சோற்றோடு அவித்த மீனைப் பிசைந்து கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மீனா, நாங்கள் சைவம் என்றேன். நாயுமா சைவம் என்று கேட்டாள். பால் சோறு, தயிர்ச் சோறு, பருப்பு என்று நான் அடுக்கியபோது அவள் குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலையைப் பாவமாகத் தடவினாள். ஆனாலும் தருகிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை: ஆபீஸ் சீட்டைக் காட்டினால்தான் குட்டி. முன்பு ஒரு குட்டியைச் சீட்டு இல்லாதவருக்குக் கொடுத்து, அது பிடிபட்டுப் போனதை அவள் மறக்கவில்லை.

3

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. நாளைக்கும் நான் அங்கே போய் நிற்க வேண்டியவன். கவுண்டரில் இருந்தவர் நம் ஆள்தான். நெற்றியில் காலையில் இட்ட திருநீற்றின் சுவடு இருந்தது. ஆனால் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் அவருக்குத் தமிழ் வராது போலிருக்கிறது. இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பெயர் என்றது புரிந்தது, என் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார், நாற்பத்து மூன்று என்றேன். எழுதப்போன கை நின்றது. நிறம் கேட்டபோதுதான், கேட்பது நாயைப் பற்றியோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்றிருந்த நாலு பேர் சிரித்து முடிக்கிறவரை நான் தடுப்பில் இருந்த ஆணி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாயைக் கொண்டுவந்து காட்டினால்தான் சீட்டு என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார். நியோன்யாவோ சீட்டைக் காட்டினால்தான் நாய் என்கிறாள். இரண்டாவது முறை இதை விளக்கப் போனேன். அன்றைக்கு அவருக்குக் கேட்க நேரமில்லை. மூன்றாவது முறை செல்லம்மாளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தடுப்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினாள். என்னை அத்தனை நாள் ஏறிட்டுப் பார்க்காதவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு தற்காலிகச் சீட்டு கிடைத்தது. பதினைந்தாம் நாளான செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குள் நாயைக் கொண்டுபோய்க் காட்டி வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் சீட்டு செல்லாது, முதலிலிருந்து மனு.

பெருமையாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

4

நியோன்யா சீட்டைப் பார்த்துவிட்டு, வருகிற வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

நம் பஞ்சாங்கம் வருஷாவருஷம் ஊரிலிருந்து தபாலில் வருகிறது. ஆனால் அது நம் ஊர்ச் சூரியனுக்குக் கணித்தது. இங்கே சூரியன் முன்னதாகவே வந்துவிடுகிறது. ராகுகாலம் என்று அதில் போட்டிருக்கும் மணி இங்கே எந்த மணி என்று பதினேழு வருஷமாக எனக்குத் தெளிவில்லை. ஊர்க் கணக்கு, இந்த ஊர்க் கடிகாரம் இரண்டையும் பார்த்து, இரண்டையும் தள்ளிவிடுவேன். அதனால் நம் ஊரில் ஒன்றரை மணி நேரம் இருக்கும் ராகுகாலம் என் வீட்டில் மூன்று மணி நேரம். விசாலாட்சி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வியாழக்கிழமையைப் பார்த்தால் தேய்பிறை அஷ்டமி. எந்தக் கடிகாரத்தில் பார்த்தாலும் அஷ்டமிதான். மறுநாள் நவமி. ஒரு ஜீவனைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவருகிற காரியத்தை அஷ்டமியில் செய்வதா? சனிக்கிழமை தசமி, அன்று வருகிறோம் என்று செல்லம்மாளிடம் சொல்லி அனுப்பினேன்.

அவள் வாசலிலேயே நின்றாள். "அந்தம்மா நாள் பாத்துத்தான் சொன்னாங்க லா, அப்பா." இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"ரெண்டு நாள்ல என்ன கெட்டுப்போச்சு? போய்ச் சொல்லு" என்றேன். நாள் பார்த்து என்றால் எதில் பார்த்து என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை கூடையோடு போனோம். நியோன்யா குட்டியைக் கொண்டுவரவில்லை. சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் பிரித்தாள். சீன எழுத்து. அவளுக்கும் அது வாசிக்கத் தெரியாதாம், அவர்கள் கோயில்காரர் பார்த்துச் சொல்வாராம். வீட்டு மிருகத்தை வெளியே அனுப்ப அந்த வியாழக்கிழமை ஒன்றுதான் நல்ல நாள். அதை விட்டால் இன்னும் மூன்று வாரம் ஆக வேண்டும். என்னுடைய செவ்வாய்க்கிழமைக் கெடுவுக்கு இருந்ததோ பத்து நாள். நான் சீட்டைக் காட்டினேன், தேதியைக் காட்டினேன், கும்பிட்டேன்.

"தாக் போலே" என்றாள். முடியாது என்றால் முடியாதுதான். அவள் குரலில் கோபமில்லை. எனக்கு அஷ்டமி எப்படியோ அப்படி. இரண்டு நாளில் என்ன கெட்டுப்போகும் என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆபீசுக்குப் போய்க் கெடுவை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். அங்கே மூன்றாவது பஞ்சாங்கம் சுவரில் தொங்கியது. கவுண்டர்காரர் அதில் செவ்வாய்க்கிழமையைப் பென்சிலால் தட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

அன்று மாலை செல்லம்மாள் தேயிலைப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வா என்று கூப்பிட்டேன். திரும்பாமலே சொன்னாள்: "உங்களுக்கு நாய் வேண்டாம். வேண்டாம்னு சொல்ல முடியலை, அதான் நாள் பாத்தீங்க."

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது பொய் என்று உடனே சொல்ல என்னால் முடியவில்லை. அஷ்டமி என்று பார்த்ததும் மனசுக்குள் கொஞ்சம் நிம்மதி வந்ததா இல்லையா? வந்தது. அந்த நிம்மதியைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு விளக்கு வைத்ததும் அவள் என்னோடு உட்காரவில்லை. பத்திரிகை மடித்தபடியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் குருக்களிடம் இதைச் சொல்லி அழாக்குறையாகப் புலம்பினேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார்.

"தேய்பிறை அஷ்டமி யாருக்கு உகந்த நாள்?"

"பைரவருக்கு."

"பைரவருக்கு வாகனம் எது?"

சின்ன வயதிலிருந்து அஷ்டமிதோறும் பைரவருக்கு விளக்குப் போட்டுக் கும்பிட்டவன் நான். அந்தச் சந்நிதியில் அவர் பக்கத்தில் நிற்கும் நாயையும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கிறேன். பஞ்சாங்கத்தைப் பிரித்தபோது அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. குருக்கள் விபூதியை என் கையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

5

கெடு முடிகிற செவ்வாய்க்கிழமை கப்பல் ஒன்று வந்துவிட்டதால் இரண்டரை மணிக்குத்தான் என்னை விட்டார்கள். செல்லம்மாளைப் பள்ளி வாசலிலேயே பிடித்துக் கூட்டிக்கொண்டு நியோன்யா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம் தொடங்குகிறது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியோன்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மலாயில் பாதி செல்லம்மாள் திருத்திச் சொன்னது. விளக்கின் முன் கொடுத்த வாக்கு என்றதும் அந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என் கையால கொடுக்க முடியாது. நீங்க உள்ள வந்து தூக்கவும் கூடாது. அதுவா வெளிய போச்சுன்னா, அது அதோட இஷ்டம்." கதவைத் திறந்துவிட்டு, குட்டியைக் கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டு, ஒதுங்கி நின்றுகொண்டாள்.

இங்கே வீடுகளுக்கும் கடைகளுக்கும் முன்னால் ஜனங்கள் நடக்க விட்டிருக்கும் கூரையிட்ட நடைபாதைக்கு அஞ்சடி என்று பெயர். நாங்கள் இருவரும் அந்த அஞ்சடியில் குந்தினோம். செல்லம்மாள் மலாயில் கூப்பிட்டாள், இங்கிலீஷில் கூப்பிட்டாள், தமிழில் கூப்பிட்டாள். குட்டி கொட்டாவி விட்டது. நானும் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டு அது படுத்துக்கொண்டது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். உள்ளே கடிகாரம் மூன்றேகால் அடித்தது. செல்லம்மாள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கடைக்காரர் முறத்தில் நெத்திலி காயப்போட்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கை முறத்தை நோக்கிப் போனது.

"நீ தொடாதே" என்றேன்.

கடைக்காரரிடம் கேட்டு, நானே இரண்டு விரலால் ஒரு நெத்திலியை எடுத்தேன். இந்த நாற்பத்து மூன்று வருஷத்தில் மீன் என் கையில் பட்டதில்லை. கிட்டங்கியில் கருவாட்டு மூட்டை வந்தால் எடைக்கல்லை மட்டும் நகர்த்திவிட்டு ஆளைவிட்டுத் தூக்கச் சொல்பவன் நான். பைரவா, நீயே பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டு கையை நீட்டினேன்.

குட்டி எழுந்து வந்தது. வந்தென்ன? சீன வீட்டு நிலைப்படி ஒரு சாண் உயரத்துக்கு வாசலில் குறுக்கே நிற்கிறது. அதற்கோ கால் நாலு விரல் நீளம். முன்கால் இரண்டையும் படியின்மேல் தூக்கிப் போட்டது, வயிறு மாட்டிக்கொண்டது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கி, எங்களைப் பார்த்து முனகியது. உதவ யாருக்கும் உரிமையில்லை. நியோன்யா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மீனை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். பின்கால் இரண்டும் காற்றில் உதைத்தன. பிறகு தலைகுப்புறச் செல்லம்மாளின் மடியில் வந்து விழுந்தது.

"கொண்டு போங்க லா, நான் ஒண்ணும் பாக்கலை" என்று நியோன்யா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

ரிக்‌ஷா பிடித்து ஓடினோம். வழியில் ஒரு மாட்டு வண்டி சாய்ந்து கிடந்தது. ஆபீஸ் வாசலில் இறங்கியபோது கவுண்டர் பலகையை இறக்கிவிட்டிருந்தார்கள். நான்கு மணி ஐந்து நிமிஷம். கவுண்டர்காரர் குடையும் கையுமாக வெளியே வந்தார். குட்டியைப் பார்த்தார். குனிந்து அதன் தட்டை மூக்கை ஒரு விரலால் தொட்டார்.

"அழகா இருக்கே" என்றார், நல்ல தமிழில். பிறகு நிமிர்ந்து, "நாளைக்குப் புது மனு எழுதிக்கிட்டு வாங்க" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று அரை நாள் விடுப்பு, நான்கு முறை நின்ற நிற்பு, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் செல்லாமல் போயிற்று.

வீட்டில் விசாலாட்சி வாசலில் நின்றாள். நெத்திலியை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். வில்லை இல்லை, மனு முதலிலிருந்து, அதுவரை குட்டி வெளியார் கண்ணில் படக் கூடாது. பின்கட்டுக்கு அந்தப் பக்கம் சந்து. நாய் பிடிக்கிறவர்கள் வண்டி விடுகிற வழியே அதுதான். அவள் பின்கட்டைப் பார்த்தாள், சாமி மாடத்தைப் பார்த்தாள், மகளின் கையில் தூங்கிவிட்ட குட்டியைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேயிலைப் பெட்டியை இழுத்து வந்து சமையலறைக்கு இந்தப் பக்கம் வைத்தாள்.

"வில்லை வர்ற வரைக்கும்தான்" என்றாள்.

பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் மூக்கைச் சுளித்தாள். என் பக்கம் திரும்பினாள். "என்ன மீன் கவிச்சி அடிக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மாள் சொன்னாள்: "குட்டி மேல அடிக்கிற வாடைம்மா. இத்தனை நாள் மீன் திங்கிற வீட்டுலதானே இருந்துச்சு."

பொய் சொன்னதற்காக இந்தப் பிள்ளையை நான் எத்தனையோ நாள் சுவரோரம் நிற்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான்தான் பேசாமல் நின்றேன். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். கையை எத்தனை முறை தேய்த்தும் வாடை போகவில்லை.

நான்கு நாளாகிறது. புது மனு இன்னும் எழுதவில்லை. விசாலாட்சிக்கு வாசிக்கத் தெரியாது. பத்திரிகைக்கு நான் எழுதும் இது அச்சாகி வந்தால் செல்லம்மாள்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நெத்திலி வருகிற இடத்தை வாசிப்பாளோ, தாண்டிப் போவாளோ, அதை நான் அவளிடம் கேட்கப் போவதில்லை.